ஓரிலையும் பல உயிரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வடகீழ்ப் பருவமழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி நிலத்தடி நீராகத் தேங்க, மேல்மண் பல மாதங்கள் காய்ந்து கிடக்கின்றது. இத்தகைய நிலத்துக்கேற்ப, தண்டிலும் இலையிலும் நீரைச் சேமித்து வாழும் சதைப்பற்றுத் தாவரங்களுக்குத் தமிழ் மக்கள் இட்ட பெயர்கள் கூர்ந்த நோக்கிற் பிறந்தவை. பட்டை எழுந்த தண்டுடையது சதுரக்கள்ளி. வெண்ணிறச் சோற்றை உள்ளடக்கியது சோற்றுக்கற்றாழை. பறித்த இலையைக் கட்டித் தொங்கவிட்டாலும் அதன் விளிம்பிற் கன்றுகளை ஈனுவது ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’.

இவற்றுள் இறுதியிற் கூறிய செடி சைவ சித்தாந்தத்தின் முன் ஒரு வினாவை எழுப்புகின்றது. உயிர்கள் அநாதியானவை, அதாவது ஒருவராலும் ஆக்கப்படாதவை என்றும், அவை எண்ணிறந்தவை என்றும், தேவர் முதல் தாவரம் ஈறான எழுவகைப் பிறப்பிலும் வினைக்கேற்பப் புகுவன என்றும் அந்நெறி கொள்ளும். நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879) இக்கொள்கைகளை வினாவிடை வடிவிற் பொதுமக்களுக்குப் பயிற்றினார். அவ்வாறாயின், ஓரிலையிலிருந்து பல செடிகள் முளைக்கும்போது ஓருயிரே பலவாகப் பிளந்ததா?

பிளந்தது என்பது பொருந்தாது. பிளவுபடும் பொருள் அழியும் பொருளாகுமாதலின், உயிரின் அநாதித் தன்மை அதனாற் கெடும். செடிக்கு உயிரில்லை என்பதும் பொருந்தாது. தாவரத்தை ஓரறிவுயிர், அதாவது தொடுவுணர்வு மட்டுமுடைய உயிர், எனத் தொல்காப்பியமும் வகுத்துள்ளது. பிரிந்து பெருகுவது தனு எனப்படும் உடம்பே என்பதும், அது மாயை என்னும் சடமான மூலப்பொருளிலிருந்து தோன்றுவது என்பதும், புதிதாக அமைந்த ஒவ்வோருடம்பிலும் வெவ்வேறுயிர் தத்தம் வினைவழியே இறைவன் கூட்ட வந்து சேரும் என்பதுமே சித்தாந்தத்துக்கு இசைந்த விடையாகும்.

இவ்விடை அறத்தையும் தொடுகின்றது. ஒடித்த பிரண்டை மீண்டும் வேர்விடுவதாலும், அரிந்த கற்றாழை மீண்டும் தளிர்ப்பதாலும், அவற்றுக்குத் தீங்கே நேரவில்லை என எண்ணுவது உடம்பின் வன்மையை உயிரின் நிலையாக மயங்கிக் கொள்வதாகும். உயிரைப் பிணித்து நிற்கும் அழுக்காகிய ஆணவமலம் அறிவை மிக மறைத்த நிலையில் நிற்பினும், அவ்வுயிரும் வீடுபேற்றுக்கு உரியதே. ஆதலின் உணவுக்கும் மருந்துக்கும் அவற்றைக் கொள்வோர் வேண்டிய அளவே கொண்டு, வேரையும் கணுவையும் காத்து விடுதல் சிக்கனம் மட்டுமன்று. தமக்குப் பின்னே அதே வழியில் வரும் உயிருக்குச் செய்ய வேண்டிய கடமையுமாகும்.