படி விளிம்பில் ஒரு குதிகால்

ஸ்வீடனின் வடபகுதியில் உள்ள உமேயோ நகரில் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் என்றொரு எலும்பு மருத்துவர். அறுவைசிகிச்சை அவர் தொழில், ஓட்டம் அவர் விருப்பம். 1990களில் அவருடைய குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாணில் வலி வந்து உட்கார்ந்துகொண்டது. நம் ஊரில் இதைக் குதிகால் நரம்பு இழுக்கிறது என்பார்கள். ஓய்வெடுத்தால் தணியும், ஓடினால் திரும்பிவரும் வலி. அறுவைசிகிச்சை செய்துவிடுங்கள் என்று தன் மேலதிகாரியிடம் கேட்டார். முடியாது, அவ்வளவு நாள் உங்களுக்கு விடுப்புத் தர வழியில்லை என்று பதில் வந்தது. நாண் அறுந்தேபோனால் மறுக்க முடியாதல்லவா? அறுத்துக்கொள்வதென்று முடிவு செய்தார். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, உடம்பின் பாரம் முழுவதையும் அந்த ஒரு காலில் போட்டு, குதிகாலைப் படிக்குக் கீழே மெல்ல இறக்கினார். வலித்தது. வலித்ததால்தான் மறுநாளும் செய்தார், அதற்கு மறுநாளும் செய்தார். நாண் அறவில்லை. வலி போய்விட்டது.

மருத்துவ வட்டாரங்களில் பலமுறை சொல்லப்பட்ட கதை இது. இதில் என்னைப் பிடித்துக்கொண்டு விடாதது ஒரு சின்ன விஷயம்தான்: குதிகால் படிக்குக் கீழே இறங்கியது. தரையில் நின்று எக்கி இறங்கினால் குதிகால் தரையைத் தொட்டதும் நின்றுவிடும். படி விளிம்பில் நின்றால் அதற்குக் கீழே காற்றுதான். நாண் எவ்வளவு தூரம் நீளுமோ அவ்வளவு தூரமும் நீண்டாக வேண்டும். அவர் தேடிப் போனதும் அந்தக் கூடுதல் தூரத்தைத்தான். பிறகு அதையே சிகிச்சையாக்கி 1998-ல் வெளியிட்டார். விருப்பத்துக்காக ஓடுகிற 15 பேர், சராசரி வயது 44. ஓய்வு, மாத்திரை, காலணி மாற்றம் என்று எல்லாம் பார்த்தும் தீராமல் அறுவைசிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள். முழங்காலை நீட்டியபடி 15 முறை வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கியபடி அதே அளவு, காலையும் மாலையும். ஒரு நாளைக்கு 180 முறை குதிகால் அந்த விளிம்பைத் தாண்டி இறங்கியது. வலித்தாலும் நிறுத்தக் கூடாது, காலே முடங்கும் அளவுக்கு வலித்தால் மட்டும் நிறுத்தலாம். வலிக்காமல் போய்விட்டதா? முதுகுப்பையில் எடையைப் போட்டுக்கொண்டு மீண்டும் வலிக்கும்வரை கூட்ட வேண்டும். 12 வாரங்கள் கழித்து 15 பேரும் பழையபடி ஓடத் தொடங்கியிருந்தார்கள். இது சிறிய ஆய்வு, சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வும் அல்ல. பின்னால் வந்தவை இவ்வளவு பிரகாசமான முடிவைத் தரவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்தும் லேசான வலி மிச்சமிருந்தவர்கள் பலர். மெதுவாகக் கனமான எடையைத் தூக்கி இறக்கினாலும் அதே அளவு பலன் கிடைப்பதாக டென்மார்க்கில் 2015-ல் காட்டினார்கள். ஆனாலும் அடிப்படைக் கண்டுபிடிப்பு நிற்கிறது. ஓய்வில் ஆறாத ஒன்று பாரத்தில் ஆறியது.

நாற்பத்தைந்து தாண்டியவர்களின் வாழ்க்கையில் இது நேரடியாக வந்து மோதும் விஷயம். அந்த வயதில் தோள் இறுகும், முட்டி கரகரக்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும், பழைய சுளுக்கு ஒன்று மழைக்காலத்தில் நினைவூட்டும். வீட்டில் உள்ளவர்கள், உறவுகள், சில நேரம் மருத்துவரும்கூடச் சொல்வது ஒன்றையே: வயசாச்சு, அலட்டிக்காம இருங்க. அக்கறையில் சொல்வதுதான். அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஓய்வுக்குச் செலவு கிடையாது, நடப்பதற்குத்தான் செலவு என்ற அனுமானம். அது தவறு என்பதற்கு டல்லாஸில் ஐந்து பேர் சாட்சி. 1966-ல் இருபது வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோனது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1996-ல், அதே ஐந்து பேரையும் மறுபடி அழைத்து அளந்தார்கள். சராசரியாக இருபது கிலோவுக்கும் மேல் எடை கூடியிருந்தது, உடற்கொழுப்பு இரட்டிப்பாகியிருந்தது. இருந்தும் சராசரியாகப் பார்த்தால், அந்த முப்பது ஆண்டு மூப்பு அவர்களை அன்றைய மூன்று வாரப் படுக்கையைவிட மோசமான நிலைக்குத் தள்ளியிருக்கவில்லை. ஆறு மாதம் படிப்படியாக நடந்து, மெதுவாக ஓடி, சைக்கிள் மிதித்த பிறகு, படுக்கைக்கு முன் இருபது வயதில் இருந்த அளவையே திரும்பப் பெற்றார்கள். ஐந்தே பேர் என்பது உண்மை. ஆனால் உடம்பு சும்மா இருப்பதற்குக் கொடுக்கும் விலையை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறோர் ஆய்வு எனக்குத் தெரிந்து இல்லை. அடிபட்ட இடத்துக்கு ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்று 1978-ல் சூத்திரம் எழுதிக் கொடுத்த அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் எழுதித் தானே திருத்திக்கொண்டார். உலகமே மனப்பாடம் செய்த ஒன்றை எழுதியவரே திருத்துவதற்கு ஒரு நேர்மை வேண்டும். அவர்மீது எனக்கு மரியாதை கூடியது அதனால்தான்.

இந்த நாணுக்கு அக்கிலீஸ் என்று பெயர் வைத்தது ஐரோப்பா. குழந்தையைத் தாய் குதிகாலைப் பிடித்துப் பாதாள நதியில் முக்கினாள், பிடித்த இடம் மட்டும் நனையாமல் அங்கேதான் மரணம் வந்தது என்பது கதை. நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. எப்போதோ படித்தது மங்கலாக நினைவிருக்கும் பலருக்கு: யாதவ குலம் அழிந்த பின் காட்டில் சாய்ந்திருந்த கண்ணனின் பாதத்தை மானென்று நினைத்து ஜரா என்ற வேடன் அம்பு எய்கிறான். இரண்டு கதைகளிலும் பெரிய உடம்பு கீழே இருந்துதான் சாய்கிறது. ஆனால் தமிழ் அந்த உறுப்புக்கு வைத்த பெயரில் சாவு இல்லை. குதி என்றால் தாவு, குதி என்றால் குதிகால். ஒரே ஒலியில் இரண்டும் இருக்கின்றன. இந்தச் சொல் நினைவுக்கு வரும்போதெல்லாம் டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கூடவே வருகிறது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தபோது காற்றில் கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரட்டிப்பானது. 1963-ல் அச்சோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் வந்த பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. அந்தக் கார்பன் பயிர் வழியாக உணவுக்கும் உணவு வழியாக உடம்புக்கும் வரும். ஆக, ஒரு திசு எந்த ஆண்டின் காற்றைக் கொண்டிருக்கிறது என்று பார்த்தால் அது எப்போது உருவானது என்று சொல்லிவிடலாம். இறந்தவர்களின் அக்கிலீஸ் நாண்களை அப்படிப் பார்த்தார்கள். நாணின் உள்மையம் ஏறத்தாழ முதல் பதினேழு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது, அதன்பின் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை.

ஐம்பது வயதில் வலிக்கிற நாண், அப்படியானால், சிறு வயதில் முறுக்கிய கயிறுதான். பாண்டி ஆடி ஒற்றைக்காலில் நொண்டியபோதும், பச்சைக்குதிரை தாண்டியபோதும், பள்ளிக்கூட மணி அடிக்கும்போது தெருக்கோடியிலிருந்து ஓடியபோதும் திரித்த கயிறு. கிடைத்தது அவ்வளவுதான். இதைப் படித்ததும் என் வாதத்துக்கே ஆபத்து வந்ததாகத் தோன்றியது. மாற்றுக் கயிறு இல்லாத ஒன்றைச் சேமித்துத்தானே வைக்க வேண்டும், படி விளிம்பில் கொண்டுபோய் இழுக்கச் சொல்லலாமா? ஆனால் மையம் மாறாவிட்டாலும் பாரம் ஏற்றியவர்களுக்கு வலி குறைந்தது என்பதும் அளந்து கண்ட உண்மை. ஸ்கேனில் நாண் பழையபடி தடித்துக் கலங்கியிருக்கும்போதே ஆள் ஓடிக்கொண்டிருப்பார். கயிற்றைச் சுற்றியுள்ள திசு வலுப்பெறுகிறதா, வலியிருந்த இடத்தில் புதிதாக முளைத்த நுண்ணிய இரத்தக்குழாய்களும் நரம்புகளும் மறைகின்றனவா, கெண்டைக்கால் சதை பலமடைந்து சுமையைப் பங்கிட்டுக்கொள்கிறதா, பயந்துபோன மூளை மறுபடி நம்பத் தொடங்குகிறதா என்று ஆய்வாளர்களிடையே இன்னும் பேச்சு நடக்கிறது. பலன் முன்னால் வந்துவிட்டது, காரணம் பின்னால் நடந்து வருகிறது. சேமித்து வைத்த நாண் யாருக்கும் வட்டி தந்ததாக மட்டும் சான்று இல்லை.

இந்த இடத்தில் எழும் ஒரு மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. உடம்பை அசை, பாரம் ஏற்று என்பதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்களுக்கான அறிவுரை. நாள் முழுக்கத் தலையில் கலவைச்சட்டி சுமந்து மாடி ஏறும் சித்தாளிடமும், குனிந்த இடுப்பு நிமிராமல் நாற்று நடும் பெண்ணிடமும், மூட்டை தூக்குகிறவரிடமும் போய் இதைச் சொன்னால் அது அநியாயம். பொழுதுபோக்காகச் செய்யும் உடற்பயிற்சி தரும் நன்மையைக் கூலிக்காகச் செய்யும் கடும் உடலுழைப்பு தருவதில்லை, சில கணக்குகளில் தீங்கே செய்கிறது என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. ஆல்ஃபிரெட்சனின் நோயாளி 180 முறை இறக்கிவிட்டு மீதி நாளில் உட்கார்ந்துகொள்ளலாம். எவ்வளவு, எப்போது, எத்தனை நாளைக்கு என்பது அவர் கையில். சித்தாளின் கையில் அது இல்லை. ஓய்வு மறுக்கப்பட்ட உடம்புக்கு ஓய்வுதான் மருந்து. அதை இந்த வாதத்தால் நான் மறுக்கவில்லை. ஓய்வை அளவுக்கு மீறிப் பெற்றவர்கள் அதையே மருந்தென்று இன்னும் அள்ளிக்கொள்வதைத்தான் மறுக்கிறேன்.

இன்னொரு மறுப்பு: எல்லா வலியும் பொறுக்கத்தக்கதா? இல்லை. இதில் தயக்கமே வேண்டாம். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில், வாரம் ஒருமுறை மட்டும் ஷட்டில் ஆடுகிறவருக்கு நாண் திடீரென்று அறுவது உண்டு. பின்னாலிருந்து யாரோ குதிகாலில் உதைத்தது போலிருக்கும், திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அவர்களில் பலருக்கு அதற்கு முன் வலியே இருந்திருக்காது என்பதுதான் கொடுமை. மருந்துக்கடையில் சாதாரணமாகக் கேட்டு வாங்குகிற சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகள் இந்த நாண் அறுவதற்கான ஆபத்தைக் கூட்டுகின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2008-லேயே இதற்குக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிடச் செய்தது. தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி என்பதால் இடையில் சொல்கிறேன். நெஞ்சில் அழுத்தம், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் எலும்புவலி, சிவந்து சூடான மூட்டு, மரத்துப்போகும் கால் இவையெல்லாம் படி விளிம்பில் தீர்வன அல்ல. ஆனால் நடுவயதில் அன்றாடம் வரும் வலிகளில் பெரும்பாலானவை இந்த ரகமும் அல்ல. அவற்றுக்கு ஓர் அளவுகோலை ஸ்வீடனிலேயே உருவாக்கினார்கள். பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் கூடக் கூடாது. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், அக்கிலீஸ் வலி உள்ளவர்களில் ஒரு பிரிவினரை இந்த அளவுக்குள் ஓடவும் குதிக்கவும் அனுமதித்தார்கள். முதல் ஆறு வாரம் ஓட்டத்தை நிறுத்திவைத்தவர்களைவிட அவர்கள் மோசமாகிவிடவில்லை. வலியைச் சிவப்பு விளக்காகப் பார்க்காமல், எண் போட்டு, ஓர் இரவு காத்திருந்து, கேள்வி கேட்கலாம் என்பதற்கு அது ஒரு கண்ணியமான சான்று.

இத்தோடு நிறுத்தியிருந்தால் வாதம் நிறைவாக முடிந்திருக்கும். அந்தப் படி விளிம்புதான் விடவில்லை. ஆல்ஃபிரெட்சன் வெளியிட்ட பலன், எலும்பிலிருந்து 2 முதல் 6 செ.மீ. மேலே, நாணின் நடுப்பகுதியில் வலி உள்ளவர்களுக்கானது. நாண் போய் எலும்பில் ஒட்டுகிற அடிப்பகுதியில் வலி இருப்பவர்களுக்கும் அதே பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவர்தான் திருப்தி என்றார். பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். படி வேண்டாம், தரையில் செய்யுங்கள், குதிகால் தரைமட்டத்துக்குக் கீழே போக வேண்டாம் என்றார்கள். மூன்றில் இருவர் தேறினார்கள். குதிகால் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கும்போது அடிப்பகுதி நாண் எலும்போடு அழுந்தி நசுங்குகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். அதே கால், அதே நாண், இரண்டு விரற்கடை தூரம். ஒருவரைக் குணமாக்கிய கூடுதல் இறக்கமே இன்னொருவருக்குப் புண்.

அந்த மருத்துவருக்கு வலி அந்த இரண்டு விரற்கடை கீழே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அறுத்துக்கொள்ள நினைத்து இறக்கியவர், வலி கூடக் கூட வேலை நடக்கிறதென்று நம்பி இன்னும் இறக்கியிருப்பார். இன்று நாம் துணிவென்று சொல்லும் கதை பிடிவாதத்தின் கதையாக, ஒருவேளை யாருமே சொல்லாத கதையாகப் போயிருக்கும். படியில் நின்ற மனிதருக்கு அந்த நேரத்தில் இந்த வித்தியாசம் தெரிய வழியில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வலி மட்டும்தான். ஓய்வு பாதுகாப்பானதல்ல என்று இவ்வளவு தூரம் வாதிட்ட பிறகும், தன் முட்டியையோ தோளையோ பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவரிடம் எவ்வளவு தூரம் இறக்கலாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இறக்கிப் பாருங்கள், நாளைக் காலை கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடி என்ன சொல்கிறதென்று கவனியுங்கள் என்பதுவரை சொல்வேன். அந்த முதல் அடியின் பேச்சை ஐம்பது வயதில் நாம் சரியாகத்தான் கேட்கிறோமா என்பதில் எனக்கு உறுதி இல்லை.