பொறுமையா, பயமா?

வாங்கிய பொருள் கெட்டுப்போய் வருகிறது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். "போனா போவுது, சாமி பாத்துக்கும்" என்று விட்டுவிடுவது பொறுமையா? பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன்.

மரம் சீவிச் சேர்த்த காசில் அம்மா இணையத்தில் ஒரு பிளெண்டர் வாங்கினார், 89 வெள்ளி. முதல் நாளே சுற்றவில்லை. "நீங்கதான் உடைச்சிருப்பீங்க" என்று பதில் வந்தது. "விடுப்பா, நமக்கு எதுக்கு வம்பு?" என்றார் அம்மா.

அது பொறுமை இல்லை, பயம். கேட்கும் வலிமை இருந்தும் மன்னிப்பதுதான் பொறுமை. பயந்து ஒதுங்கினால் நாளைக்குப் பக்கத்து வீட்டு அக்காவும் ஏமாறுவார். கண்ணகி பாண்டியன் சபையில் வெறுமனே அழுதுகொண்டு நிற்கவில்லை. சிலம்பை ஆதாரமாகக் காட்டினாள்.

நமக்கும் ஒரு சபை உண்டு. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றம் அது. மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம். வக்கீல் தேவையில்லை. ரசீது, படம், விற்றவரோடு பேசிய குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அம்மா பேரில் மனு போட்டுவிட்டோம்.

ஆனால் தர்மம் நமக்கும் சேர்த்துத்தான். நாமே கீழே போட்டு உடைத்துவிட்டு, "கெட்டுதான் வந்துச்சு" என்று பணம் கேட்டால் அதுவும் திருட்டுதான். தம்பி தங்கைகளே, முதலில் மனசாட்சியைக் கேளுங்கள். அங்கே உண்மை இருந்தால் கோபப்படாமல், பயப்படாமல் போய்க் கேளுங்கள்.