பொற்கிழியும் பொங்கும் பரிவும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

இராஜபாளையத்தில் அடியோம் வங்கிக் காசாளராய் இருந்த நாட்களில், நூற்பாலைகளின் சம்பளப் பணம் கட்டுக்கட்டாக எம் கைவழியே செல்லும். மாலையில் இருப்பை நேர்செய்து பெட்டகத்தைப் பூட்டினால் இரவு நன்றாக உறங்குவோம். ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகையோ அதனோடு ஒப்பிட மிகச் சிறிது. அதுவே உறக்கத்தைக் கெடுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் ரங்கமன்னார் ஸந்நிதியில் நின்றபோதும், வைப்புத்தொகை முதிரும் நாளையே மனம் எண்ணிற்று. அச்சமயம் தம்பி தன் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு உதவி கேட்டான். 'வைப்பு இன்னும் முதிரவில்லையே' என்றோம். சொன்னது மெய்யே, முன்னதாகவே முறிக்கலாம் என்பதைச் சொல்லாமல் விட்டோம்.

கைகள் அவையே, 'எனது' என்ற ஒரு சொல்லே புதிது. நம்மாழ்வார் திருவாய்மொழியின் தொடக்கத்திலேயே, நான் எனது என்னும் இரண்டையும் வேரோடு களையச் சொன்னது இதனாலன்றோ?

கூரத்தாழ்வான் பெருஞ்செல்வத்தைத் துறந்து திருவரங்கம் செல்கையில், இரவில் காட்டுவழியே தேவிகள் அஞ்சினார். 'மடியில் ஏதேனும் உண்டோ?' என வினவ, ஆழ்வான் அமுது செய்யும் பொன்வட்டில் இருந்தது. அதை வாங்கி எறிந்தார், அச்சம் தீர்ந்தது.

அங்ஙனமாயின் பொருள் வைத்திருப்போர் அனைவரும் எறியவேண்டுமோ? இதற்குப் பெரியாழ்வார் சரிதம் விடையாகும். வில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துப் பூமாலை கட்டியிருந்தவர், எம்பெருமான் நியமனத்தால் மதுரைக்கு எழுந்தருளி, வல்லபதேவன் அவையில் பரதத்துவ நிர்ணயம் செய்தார். பொற்கிழி தானே தாழ்ந்து வந்தது. பாண்டியன் அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் செய்வித்தான். கையில் பொன், சுற்றிலும் புகழ். அவ்வமயம் பெருமாள் கருடன்மேல் காட்சி தந்தான். ஆழ்வாரும் அஞ்சினார்! பொற்கிழிக்காக அன்று, இவ்வழகுக்குக் கண்ணேறு படுமோ என்று. யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு பல்லாண்டு பாடினார். பின்னர் அப்பொருளை வடபெருங்கோயிலுடையானுக்கே ஆக்கி, பழையபடி மாலை கட்டும் கைங்கரியத்திற்குத் திரும்பினார்.

இதன் உட்பொருளை நோக்குவோம். அஞ்சிக் காப்பது நெஞ்சின் இயல்பு. எதற்காக அஞ்சுகிறோம் என்பதிலேயே வேறுபாடு. ஆத்மாவே எம்பெருமானின் உடைமையாயிருக்க, உடைமைக்கு ஓர் உடைமை ஏது? ஆகவே நாம் அவனுடைய காசாளரே. காசாளர் பணத்தை வீசி எறிவதில்லை. தமதன்று என்பதனாலேயே ஒரு ரூபாயும் குறையாமல் காக்கிறார். உரியவர் கேட்டு வந்தால் மறுப்பதுமில்லை. குடும்பத்தைப் பேணுவதும், கைங்கரியத்திற்கும் அடியார்க்கும் அளிப்பதும் அவன் கணக்கில் எழுதும் பற்றுகளே.

மறுவாரம் வைப்பை முறித்தோம். வட்டி சற்றுக் குறைந்தது. தம்பியிடம், முன்பே தந்திருக்கலாம் என்பதையும் சொன்னோம். பணத்தைக் கொடுத்ததைவிட அதைச் சொல்வதே கடினமாயிருந்தது. அன்றிரவு, காசாளராய் இருந்த நாட்களைப் போல் உறங்கினோம்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.