பெட்டிக்குள் உறங்கும் உயில்

கல்லறைத் திருநாளன்று ஒரே கல்லறைக்கு இருமுறை மெழுகுதிரி ஏற்றப்படுவதை நாம் கண்டதுண்டு. காலையில் அண்ணன்மார் வந்து செபித்துச் செல்கின்றனர். அவர்கள் போய்விட்டதை உறுதிசெய்துகொண்ட பின்னரே, மாலையில் தங்கை வருகிறாள். துறைமுகத்தில் உழைத்து ஓய்ந்த தகப்பனார் திருவொற்றியூரில் கட்டிய சிறு வீடே இப்பிளவுக்குக் காரணம். கடைசிவரை தம்மைப் பேணிய மகளுக்கே வீட்டை எழுதிவைத்திருப்பதாக அவர் அவளிடம் சொல்லியிருந்தார். அண்டை வீட்டார் இருவர் சாட்சிக் கையெழுத்தும் இட்டனர். உள்ளே என்ன எழுதியிருந்தது என்பதை அவர்கள் படிக்கவில்லை. சட்டப்படி படிக்க வேண்டியதுமில்லை. அவர் போனபின் தகரப்பெட்டி, பீரோ, மாதா சுரூபத்தின் பின்புறம், பழைய செபப் புத்தகம் என எங்கு தேடியும் அக்காகிதம் அகப்படவில்லை.

உயிலை எழுதி முடித்ததோடு ஒருவரின் கடமை முடிந்துவிடுகிறதா? அது உரியவர் கைக்குச் சேரும் வழியைச் செய்யாதவர், எழுதாதவரினும் எவ்வகையில் மேலானவர்?

உயில் இல்லையெனில், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவியை இழந்து மறையும் கிறிஸ்தவத் தந்தையின் சொத்து ஆண், பெண் பாகுபாடின்றி மக்களுக்குச் சமமாகப் பிரியும். அது நியாயமே, ஆனால் தகப்பன் விரும்பிய நியாயம் அதுவன்று. மேலும், இறந்தவர் கைவசமே இருந்த உயில் பின்னர் காணப்படாவிடில், அவரே மனம் மாறிக் கிழித்திருக்கலாம் என்ற ஐயத்துக்கும் இடமுண்டு. நகல் இருந்தால் நீதிமன்றத்தில் வழிபிறக்கலாம். பலர் நகலும் வைப்பதில்லை.

நம் கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றே ஒரு பகைவன். 2004-இல் ஆழிப்பேரலை வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூரில் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. சரி, வங்கிப் பெட்டகத்தில் வைப்போம் என்பாரும் உளர். அவர் பெயரில் மட்டுமே உள்ள பெட்டகத்தை, அவர் மறைந்தபின் திறக்க உறவினர் ஆவணங்களோடு அலைய வேண்டும். தேடும் ஆவணமோ பெட்டகத்துக்குள்ளேயே கிடக்கும்!

பதிவுச் சட்டம், 1908, இதற்கு ஒரு வழி வகுத்துள்ளது. உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து, நேரிலோ அதிகாரம் பெற்ற முகவர் வழியாகவோ மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். தீப்பிடிக்காத பெட்டியில் அவர் அதைக் காப்பார். எழுதியவர் விரும்பினால் திரும்பப் பெறலாம். மரணத்திற்குப்பின் விண்ணப்பித்தால், உறை திறக்கப்பட்டு, உள்ளிருப்பது பதிவேட்டில் படியெடுக்கப்படும். மூலம் மீண்டும் பத்திரப்படுத்தப்படும்.

இவ்வழக்கம் நம் சமூகத்திற்கு ஒருகாலத்தில் சுமையாகவே இருந்தது. உடன்பிறந்தாரின் பிள்ளைகளோ அவர்களினும் நெருங்கிய உறவினரோ உள்ள கிறிஸ்தவர் அறப்பணிக்குச் சொத்து எழுதினால், இறப்புக்குக் குறைந்தது 12 மாதங்களுக்கு முன்பே எழுதி, 6 மாதங்களுக்குள் அதைச் சட்டம் குறித்த காப்பிடத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும் என 118-ஆம் பிரிவு விதித்தது. ஜான் வள்ளமட்டம் என்ற கேரளத்துக் குருவானவர் தொடுத்த வழக்கில், 2003 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு செல்லாதெனத் தீர்ப்பளித்தது. கட்டாயம் நீங்கியது நியாயமே. ஒப்படைக்கும் வசதி மட்டும் நீங்கவில்லை என்பதைப் பலர் அறியார்.

அறிந்தாலும் ஏன் மறைக்கிறோம்? எழுதினால் ஆயுள் குறையும் என்பது வெறும் பேதைமை. நன்மரணத்திற்காகப் புனித சூசையப்பரை நாள்தோறும் வேண்டும் நமக்கு அது பொருந்தாது. ஆனால் இன்னோர் அச்சம் உண்டு: வீடு இன்னாருக்கு என்று தெரிந்தபின் மற்றவர் முகம் மாறுமே, பெறுபவரும் அசட்டை செய்வாரே என்பது. இதை நாம் எள்ளி நகையாட மாட்டோம். முதுமையில் எஞ்சிய ஒரே பிடிமானமாக அது பலருக்கு இருக்கிறது. எனினும், உயிலில் உள்ளதை மறைப்பது வேறு. உயில் இருப்பிடத்தை மறைப்பது வேறு. முன்னது எழுதியவரின் உரிமை. பின்னது, தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனின் செயலுக்கு நெருங்கியது. முத்திரையிட்ட உறை இவ்விரண்டையும் பிரித்துவைக்கிறது. பதிவாளர் தரும் இரசீதை, நம்பத்தக்க ஒருவரிடம் கொடுத்துவைத்தால் போதும். உள்ளடக்கத்தை ஒருவரும் அறிய வேண்டியதில்லை.

கூட்டத்தில் ஒருவன் சொத்தைப் பங்கிடச் சொல்லுமாறு வேண்டியபோது, ஆண்டவர் அவ்வழக்கில் நடுவராக மறுத்தார். அத்தகைய வழக்கைத்தான் நாம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்கிறோம்.

திருவொற்றியூர் வீடு விற்கப்பட்டுப் பணம் மூன்றாகப் பிரிந்தது. அண்ணன்மார்மீது வழக்காட அம்மகளுக்கு மனம் வரவில்லை. தகப்பனார் பொய் சொன்னாரா என்ற கேள்வியை மட்டும் அவள் ஒருமுறை நம்மிடம் கேட்டாள்.