அறியாப் பிழையும் அறத்தின் அளவுகோலும்

அறிந்து செய்த குற்றத்திற்கும் அறியாமல் நேர்ந்த பிழைக்கும் ஒரே தண்டனை தகுமா? அறத்தை ஆராய்ந்தோர் நெடுங்காலமாக எண்ணிப் பார்த்துவரும் வினா இது. நீதிமன்றத்திலும் இல்லத்திலும் வகுப்பறையிலும் நாள்தோறும் எழும் இவ்வினாவுக்கு, விளையாட்டுத் திடலொன்று ஒருமுறை தந்த விடை ஆழ்ந்த சிந்தனைக்கு உரியதாகும்.

கோல்ப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட மகளிர் பதின்மூவர், 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அந்நாளில் பரிசுத்தொகை சிறிது, பயணமோ நெடிது. ஒரு போட்டிப் பருவம் முழுவதும் அவர்கள் ஊர்விட்டு ஊர் தம் கார்களிலேயே சென்று ஆடினர். திடலை ஒழுங்கு செய்வது, ஆட்ட வரிசை வகுப்பது, விதி பற்றிய வழக்குகளைத் தீர்ப்பது ஆகிய பணிகளையும் பெரும்பாலும் தாமே ஏற்றனர்.

குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் சேர்ப்பவரே இவ்வாட்டத்தில் வெல்வார். சுற்றுக்குப் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொருவர் அருகிலும் நடுவர் நிற்பதில்லை. உடன் ஆடுபவர் ஒருவரின் அடிகளை மற்றவர் அட்டையில் குறிப்பார். ஆட்டம் முடிந்ததும் தம் அட்டையைத் தாமே சரிபார்த்துக் கையொப்பமிடுதல் ஆட்டக்காரரின் கடமை. கூட்டுத்தொகைக்கு அவர் பொறுப்பல்லர். ஒவ்வொரு குழிக்கும் எழுதப்பட்ட எண்ணிக்கைக்கு அவரே பொறுப்பு.

1957ஆம் ஆண்டுப் பருவத்தின் தலையாய போட்டி அமெரிக்க மகளிர் பொதுப்போட்டி. அமெரிக்க கோல்ப் சங்கம் நடத்திய அப்போட்டி, நியூயார்க் மாநிலத்து விங்ட் ஃபுட் திடலில் ஜூன் மாதம் நடைபெற்றது. ஹவாய்த் தீவைச் சேர்ந்த ஜாக்கி பங், நான்கு சுற்றுகளையும் 298 அடிகளில் முடித்தார். பெட்சி ராவல்ஸ் எடுத்தவை 299. நான்கு ஆண்டுகளுக்கு முன் 1953இல், இதே பட்டத்தை முடிவாட்டத்தில் இதே ராவல்ஸிடம் இழந்தவர் பங். அன்று நழுவிய கனி இன்று கைக்கு வந்தது எனக் கண்டோர் களித்தனர்.

அக்களிப்பு நிலைக்கவில்லை. இறுதிச் சுற்றின் நான்காம் குழியில் பங்கும் உடன் ஆடிய பெட்டி ஜேம்சனும் ஆளுக்கு ஆறு அடிகள் எடுத்திருந்தனர். ஒருவர் அட்டையில் மற்றவர் ஐந்து என எழுதிவிட்டார். சுற்றின் கூட்டுத்தொகையான 72 என்பதில் பிழையில்லை. ஆயினும் குழிக்குரிய எண் பிழைபட்டது. கையொப்பமும் இடப்பட்டுவிட்டது. விதிப்படி இருவரும் நீக்கப்பட்டனர். பட்டம் ராவல்ஸைச் சேர்ந்தது.

இது நீதியா? வஞ்சனை இல்லை, அதனால் விளைந்த ஊதியமும் இல்லை. கூட்டுத்தொகையே உண்மையை உரைத்தது. மனத்தால் குற்றமற்றவரைக் குற்றவாளிக்கு ஒப்ப நடத்துவது கொடுமையன்றோ என்பார் கூற்றில் வலிமை உண்டு.

எனினும் மறுபக்கமும் எண்ணத்தக்கது. நடுவர் உடன் நில்லாத ஆட்டத்தில் கையொப்பமே சாட்சி. நெஞ்சத்தை ஆராய்ந்த பின்னரே தீர்ப்பு எனின், ஆராய்பவர் யார்? வஞ்சகனும் மறந்துவிட்டேன் என்றே சொல்வான். மெய்யாகவே மறந்தவரிடமிருந்து அவனைப் பிரித்தறியும் கருவி மாந்தர் கையில் இல்லை. ஆகவே விதி, காணமுடியாத உள்ளத்தை விடுத்துக் கண்முன் உள்ள எழுத்தை அளக்கின்றது. முகம் நோக்கிச் சாயும் துலாக்கோல், இன்று நல்லவருக்காகச் சாய்ந்தால் நாளை வல்லவருக்காகவும் சாயும்.

அவ்வாறாயின் இரக்கத்திற்கு இடமே இல்லையா? அதற்கும் அத்திடலிலேயே விடை கிடைத்தது. திடலுக்குரிய மன்றத்தின் உறுப்பினர்களும் பிறரும் பங்குக்காகப் பொருள் திரட்டினர். வெற்றியாளருக்குரிய பரிசு 1,800 டாலர். திரண்ட தொகையோ அதனினும் மிகுதி. தீர்ப்பை யாரும் திருத்தவில்லை. தீர்ப்பால் வீழ்ந்தவரைத் தனியே விட்டுவிடவும் இல்லை. நீதி தன் இருக்கையில் இருந்தது. இரக்கம் மக்கள் கைவழியே நடந்து வந்தது.

ஆயினும் அத்தொகை இழப்பை முற்றும் ஈடுசெய்தது என்பது பொய்யாகும். 2017இல் மறையும்வரை பங் அப்பட்டத்தைப் பெறவேயில்லை. நேரிய விதியும் சிலவேளை நல்லவரைப் புண்படுத்தும். அப்புண்ணைக் கண்டும் காணாததுபோல் இருப்பதே விதியைக் காப்போர் செய்யும் பெரும்பிழை.

அன்று பட்டம் பெற்ற ராவல்ஸ், 1975இல் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்று, மகளிர் சங்கத்தின் போட்டி இயக்குநரானார். விதியின் கூர்மையை அருகிருந்து கண்டவரிடமே அதனைக் காக்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தது.

ஆசிரியப் பணியும் இத்தகையதே. விடைத்தாளில் ஓரெண்ணைப் பிழையாக எழுதிய நன்மாணவனுக்கு இரங்கி மதிப்பெண்ணை மாற்றுதல், உண்மையாக எழுதிய மற்றொரு மாணவனுக்கு இழைக்கும் அநீதி. மதிப்பெண்ணை உள்ளவாறே எழுதிவிட்டு, அன்று மாலை அம்மாணவனுக்கு அருகில் அமர்தல் வேண்டும். எழுதும் கை நடுநிலையில் வழுவாதிருக்கட்டும். அணைக்கும் கை நீளத் தயங்காதிருக்கட்டும். இரு கைகளும் ஒருவருக்கே உரியவையாதலே ஆசிரியப் பணியின் அருமையாகும்.