படுக்க ஓர் இடம்

1981 ஜூலையில் பம்பாயின் நடைபாதைக் குடிசைகளைப் பிரித்தெறிந்து, அவற்றில் இருந்தவர்களை அவரவர் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவதென்று மகாராஷ்டிர அரசு தீர்மானித்தது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி, வறட்சியில் வேலை போய், 1961இல் பம்பாய்க்குப் போனவர். நாள் கூலி 23 ரூபாய். மேற்கு விரைவுச்சாலையின் நடைபாதையில் கித்தானும் பிளாஸ்டிக் தாளும் சேர்த்துக் கட்டிய மறைவுக்காகக் குடிசை தாதா ஒருவனுக்கு அவர் அழுதது 2,500 ரூபாய். ஜூலை 23 அன்று குடிசையை இடித்து, குடும்பத்தோடு சேலத்துக்கு பஸ் ஏற்றினார்கள். மனைவியும் மூன்று பெண்களும் சேலத்தில் தங்கிவிட, அவர் மட்டும் பம்பாய்க்குத் திரும்பி இன்னொரு நடைபாதைக் குடிசைக்குள் புகுந்துகொண்டார். இவ்வளவும் உச்ச நீதிமன்றத்தின் 1985 ஜூலை 10 தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று அதற்குப் பெயர். அவர் பத்திரிகையாளர். நடைபாதையில் படுத்தவர்களின் வழக்குக்கும் வீடுள்ள ஒருவரின் பெயர்தான் நிலைத்தது.

தீர்ப்பின் ஒரு பாதியை மனித உரிமைக்காரர்கள் படிக்கிறார்கள், மறுபாதியை நகராட்சி வக்கீல்கள் படிக்கிறார்கள். உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்பது முதலாவது. நடைபாதை நடப்பவர்களுக்கானது, அதில் குடியிருக்க எவருக்கும் உரிமை கிடையாது, அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்பது இரண்டாவது. 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தரச் சொன்னார்கள். மற்றவர்களை மழைக்காலம் கழியும்வரை, அக்டோபர் 31 வரை, தொடக்கூடாது என்றார்கள். மழை விட்டபிறகு அந்த மனிதன் எங்கே படுப்பான் என்பது சட்டத்தின் பிரச்னையாக இல்லை.

நடப்பவரின் நியாயத்தை நம் முற்போக்காளர்கள் ஏளனமாக ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நடைபாதை அடைபட்டால் காரில் போகிறவனுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரிக்கு முன்னால் இறங்கி நடக்கவேண்டியவள் ஒரு கூலிக்காரி. ஆனால் இந்த நியாயம் குடிசையோடு நின்றுவிடுகிறது. இரவு இரண்டு மணிக்கு ஒரு துண்டை விரித்துப் படுத்திருப்பவன் யாருடைய நடையைத் தடுக்கிறான்?

அமெரிக்காவில் கிரான்ட்ஸ் பாஸ் என்கிற சிறு நகரம், பொது இடத்தில் கம்பளி விரித்துத் தங்கினாலே அபராதம் என்று விதி செய்தது. 2024 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகளுக்கு எதிராக மூவர் மாறுபட, அதை அனுமதித்தது. தண்டனை செயலுக்குத்தான், வீடில்லாத நிலைக்கு அல்ல என்பது வாதம். எந்தச் செயலையும் ஏதாவது ஓர் இடத்தில்தான் செய்தாக வேண்டும் என்று ஜெரிமி வால்ட்ரன் 1991இலேயே எழுதியிருந்தார். தனியிடம் இல்லாதவனுக்குப் பொது இடத்தையும் மூடிவிட்டால் உறக்கமே தடைப்பட்டதாகிறது. தர்க்கத்தில் இதற்கு பதில் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் விலக்குகிறவர்களின் மனம் தர்க்கத்தால் இயங்குவதில்லை.

அந்த மனம் நமக்குப் புதிதல்ல. எங்கள் விரிஞ்சிபுரத்துக் கோயிலின் மூலவர் மார்க்கபந்தீஸ்வரர், தமிழில் வழித்துணைநாதர். மிளகு மூட்டைகளோடு காஞ்சிபுரம் போன வியாபாரிக்குத் துணை போனவர் என்பது தலக்கதை. சத்திரம், சாவடி, மண்டபம், திண்ணை எல்லாம் வழிப்போக்கனுக்காக ஏற்பட்டவை. (திண்ணை எல்லா ஜாதிக்கும் திறந்திருந்தது என்று யாரும் கதைவிட வேண்டாம்.) விடிந்தால் அவன் போய்விடுவான் என்பது அந்த தர்மத்தின் சொல்லப்படாத நிபந்தனை. காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் டிக்கெட்டோடு படுத்திருப்பவன் பயணி. அதே துண்டில் டிக்கெட் இல்லாமல் படுத்தால் போலீஸ்காரரின் லத்தி காலைத் தட்டும். டிக்கெட் நிரூபிப்பது அவன் போய்விடுவான் என்பதை. பாங்கில் நான் தினமும் வாங்கிவைக்கும் விண்ணப்பங்களில் நிரந்தர முகவரிக்கென்று இருக்கும் கட்டமும் இதையே வேறு விதமாகக் கேட்கிறது: போய்ச்சேர உனக்கு ஓர் இடம் உண்டா? சேலத்துக்காரருக்கு நடந்தது இதன் உச்சம். நின்றுவிட்டவரை அரசு தன் செலவில் வழிப்போக்கராக்கியது.

லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்லது. ஆனால் காப்பகம் என்று ஒன்று வந்துவிட்டால், வெளியே படுப்பதைக் குற்றமாக்குவதற்கு அதுவே சாக்காகவும் ஆகும். புருஷன் ஒரு கூரையிலும் பெண்டாட்டி வேறு கூரையிலும் படுக்கவேண்டும் என்றால், ரிக்‌ஷாவை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்றால், நடைபாதையே மேல் என்று ஒருவன் நினைப்பதைச் சோம்பேறித்தனம் என்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத உறக்கத்தைப் பற்றி எந்த விவாதமும் எழுவதில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 விடியுமுன், தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் கசடு தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலைக்குள் பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். வேலை செய்த இடத்திலேயே படுத்திருந்தார்கள். அது நடைபாதை அல்ல, நடப்பவர் எவருக்கும் இடைஞ்சல் இல்லை. அங்கே படுப்பதற்கு எதிராக நம் நகராட்சிச் சட்டங்களில் ஒரு பிரிவைத் தேடினாலும் கிடைக்காது.