சொல்லாமல் விட்ட பாதி

நாளாக ஆக எல்லாம் மறந்துபோகும் என்கிறார்கள். 1885இல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை நெட்டுருப்போட்டு, தன்னையே சோதித்து, இதற்குக் கணக்கும் கொடுத்தார்: ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது. சரிதான். ஆனால் அர்த்தமில்லாத அசைக்கு வேண்டியவன், வேண்டாதவன் கிடையாது. சாணிப்பால் குடிக்க வைக்கப்பட்டவனின் ஞாபகத்துக்கு உண்டு.

1994இல் ஆண்டர்சனும் பியோர்க் தம்பதியும் வேறொன்றைக் கண்டார்கள். பழப் பெயர்கள், பானப் பெயர்கள் என்று வகைவகையாகப் படிக்க வைத்து, பழங்களில் பாதியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கேட்ட பழங்கள் நன்றாகப் பதிந்தன. கேட்காமல் விட்ட பழங்களோ, யாரும் தொடவே தொடாத பானங்களைவிட மோசமாக மறந்துபோயின. அதாவது, ஒன்றை நினைவில் எடுக்கும்போது மனசு அதன் பக்கத்தில் இருப்பதைக் கீழே அழுத்துகிறது. 2007இல் குக், கோப்பல், ஹிர்ஸ்ட் மூவரும் செய்த சோதனைகளில், பேசுகிறவனுக்கு மட்டுமல்ல, சும்மா கேட்டுக்கொண்டிருந்தவனுக்கும் இதே கதிதான்.

அப்படியானால் வாயே திறக்காதவனைவிட, பாதி பேசுகிறவனைப் பற்றித்தான் நாம அதிகம் யோசிக்கணும்.

அன்றைய தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெரும்பாலும் சேரிப் பெண்கள், குழந்தைகள். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. அதற்குப் பிறகும் வருசாவருசம் கொடியேற்றி அந்தப் பேரைக் காப்பாற்றியவர்கள் இடதுசாரித் தோழர்கள்தான். அந்தக் கடனை மறுக்க முடியாது. ஆனால் அந்த மேடைகளில் பெரும்பாலும் என்ன கேட்டோம்? கூலி. படி நெல். சங்கம். எரிந்தவர்கள் ஏன் ஒரே சாதியாக இருந்தார்கள் என்ற பேச்சு வரும்போது மைக் கை மாறிவிடும். அரை நூற்றாண்டாகக் கூலியைக் கேட்டுக் கேட்டு, பக்கத்திலேயே கிடந்த சாதி அமுங்கிப்போனது.

மூளை தன்பாட்டுக்குச் செய்யிற காரியத்துக்கு மனுசனைக் குற்றம் சொல்லலாமான்னு கேட்கலாம். அழுத்துவது மூளைதான், ஒத்துக்கொள்கிறேன். எந்தப் பாதியைச் சொல்வது என்பதை மேடை ஏறுவதற்கு முன்னாலேயே ஆள் முடிவு பண்ணிவிடுகிறான். அது மூளையின் வேலை இல்லை, அரசியல்.

இதே கேள்வி நம்ம பக்கமும் திரும்பும். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு, இப்போது செல்போனோடு, அந்தப் பக்கத்துக் கிழவிகளிடம் போய் என்ன கேட்கிறோம்? அந்த ராத்திரியை. எந்தப் பக்கமிருந்து வந்தாங்க, எப்ப தீ வச்சாங்க, கதவு எப்படி இருந்தது. ஒவ்வொருவரும் போய் அதே ராத்திரியைத்தான் கேட்கிறோம். அந்த ராத்திரிக்கு முந்தின நாள் நடவில் யார் யார் பக்கத்தில் நின்றார்கள், என்ன பாடினார்கள், எந்தப் பிள்ளைக்கு என்ன செல்லப்பேர் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? இன்னும் சிலர் உயிரோடுதான் இருக்கிறார்கள். எண்பது தாண்டிவிட்டது.